பஞ்சக் கோவையும் சூறாவளிக் காப்பகமும்

1866ஆம் ஆண்டு மே மாதம் முடியுந் தறுவாயில் கட்டாக் நகரிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு தந்தி போயிற்று. கடைத்தெருவில் அரிசி அற்றுப்போயிற்று. சிறையிலிருக்கும் கைதிகளுக்கும் பாளையத்திலிருக்கும் படையினருக்கும் கொடுப்பதற்கே தானியம் இல்லை. உடனே அரிசி அனுப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். தந்தியை அனுப்பியவர், அக்காலத்தில் வங்காள மாகாணத்தின் ஒரு பிரிவாக விளங்கிய ஒரிசாவின் ஆணையாளர் றேவன்ஷோ. அதே ஆண்டின் தொடக்கத்தில், நிவாரண வேலை செய்யும் கூலிகளுக்குக் காசுக்குப் பதிலாக அரிசி கொடுக்கலாமா, அதற்கென அரிசி தருவிக்கலாமா என்று அவரே கேட்டிருந்தார். வேண்டாம் என்று மறுமொழி வந்தது. இப்பொழுது வேண்டும் என்று மறுமொழி வந்தபோது பருவக்காற்று எழுந்துவிட்டது. கப்பல்கள் கரையை அணுக முடியவில்லை.

இயற்கை இடர் ஒன்று நேருமுன்னும் நேர்ந்த பின்னும் ஓர் அரசாங்கம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிய விரும்பும் நேயர்கள், இன்று ஒடிசா என வழங்கும் அந்நாட்டின் சரித்திரத்தைச் சற்றே உற்று நோக்குதல் நன்று. கலிங்கம் என்ற அதன் பழம்பெயர் நமக்குப் புதியதன்று. பொலன்னறுவையில் அரசாண்ட நிசங்கமல்லன் தன்னைக் கலிங்க நாட்டான் என்றே சொல்லிக்கொண்டான். அந்நாட்டின் கரையை மோதும் வங்காள விரிகுடாவே நமது கீழ்க்கரையையும் மோதுகிறது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை விழுங்கி நமது வடபாகத்தையும் அலைத்த சூறாவளியும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் அதே கடலின் பிள்ளைகள். ஆயினும் ஒடிசாவின் கதையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அயல் என்பது மட்டுமன்று. ஒரே நிலத்தில், ஏறத்தாழ 150 ஆண்டு இடைவெளியில், அரசாங்கம் அடியோடு தோற்றதையும் பெரும்பாலும் வென்றதையும் அங்கே காணலாம்.

முதலில் அந்தத் தோல்வி. 1865இல் மழை முன்கூட்டியே நின்றுவிட்டது. கதிர் முற்ற வேண்டிய காலத்தில் வயல் வறண்டது; மார்கழி அறுவடை பொய்த்தது. முந்திய ஆண்டுகளில் நெல்லும் அரிசியும் பெருமளவில் ஏற்றுமதியாகியிருந்தன. ஆகவே குதிர்களில் பழைய இருப்பும் குறைவு. இவற்றையெல்லாம் கிராமத்தோடு பழகிய கீழ்நிலை உத்தியோகத்தர் அறிந்திருந்தனர். பூரி மாவட்டத்துக் கலெக்டர் - நம் நாட்டு அரசாங்க அதிபருக்கு ஒப்பான பதவி அது - சில்கா ஏரிப் பக்கத்து மக்கள் படும் பாட்டை அவ்வாண்டின் இறுதியிலேயே மேலிடத்துக்கு எழுதி வரிச்சலுகை கேட்டார். மேலிடத்தார் நம்பவில்லை. அரிசி இருக்கிறது, வணிகர் பதுக்கி வைத்திருக்கின்றனர், விலை இன்னும் சற்று ஏறினால் வெளியே வரும் என்பது அவர்கள் எண்ணம். றேவன்ஷோவும் நெடுநாள் அவ்வாறே எண்ணினார்.

அக்காலத்து ஆட்சியாளரிடம் ஒரு பொருளாதாரக் கொள்கை வேரூன்றியிருந்தது. பண்டத்தின் விலையில் அரசாங்கம் கைவைக்கலாகாது. விலை உயர்ந்தால் வணிகர் தாமாகவே பண்டத்தைக் கொண்டுவருவர். அரசாங்கம் இடையில் புகுந்தால் வணிகர் விலகிப்போவர் என்பது அது. வங்காளத்தின் உப தேசாதிபதியாகிய சேர் சிசில் பீடன் 1866 பெப்ரவரியில் ஒரிசாவுக்கு நேரில் வந்தார். ஊர்ப் பெரியோரைக் கூட்டி உரையாற்றினார். இத்தகைய துன்பங்கள் தெய்வச் செயல், அரசாங்கத்தால் ஆவது சொற்பமே என்ற போக்கிலே பேசினார். பின்னர்க் கோடை வந்ததும் டார்ஜிலிங் மலைக்குப் போய்ச் சேர்ந்தார். கல்கத்தாவில் இருந்த இறைவரிச் சபையோ, சந்தை இடங்கொடுத்தால் அரிசி தானே பூரிக்கு வந்து சேரும், கூலியைக் காசாகவே கொடுங்கள் என்று கட்டளையிட்டது.

அந்தக் கட்டளையை எழுதியவர்கள் ஒரிசாவின் படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருக்கலாம். அந்நாட்டுக்கு அக்காலத்தில் இருப்புப்பாதை இல்லை. வண்டி போகக்கூடிய தெருக்களும் மிகச் சில. மேற்கே அடர்ந்த காடும் மலையும். கிழக்கே நல்ல துறைமுகமில்லாத கடல். பருவக்காற்று எழுந்துவிட்டால் அக்கடலும் பூட்டிய கதவு. வயல் காய்ந்தது உண்மை. ஆனால் அரிசி வரக்கூடிய வழி திறந்திருந்த மாதங்களை வீணே கழித்ததுதான் பல லட்சம் உயிரைக் குடித்தது என்பது என் கருத்து. கையில் காசு வைத்துக்கொண்டே மனிதர் மாண்டனர். கூலிக்காசுக்குச் சந்தையில் வாங்க அரிசி இல்லை. மழை வந்ததும் வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு நோயும் வந்தது.

இறந்தவர் தொகை ஏறத்தாழ 10 லட்சம் என்று பின்னர் கணிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மூவரில் ஒருவர், அல்லது நால்வரில் ஒருவர் என்று கொள்ளலாம். ஒடியா மக்கள் இதனை 'நா அங்கத்துப் பஞ்சம்' என்பர். பூரி கஜபதி மன்னரின் ஆட்சியாண்டைக் கணக்கிடும் வழக்கத்துக்கு அங்கம் என்று பெயர்; ஒன்பதாம் அங்கத்தில் நிகழ்ந்தமையால் அப்பெயர் ஏற்பட்டது. நாம் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்று சொல்வது போலத்தான். ஒடியா உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் பகீர் மோகன் சேனாபதி அவ்வேளையில் பாலசோரில் வாழ்ந்தவர். தாம் கண்டவற்றைத் தம் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார். உத்தியோகத்தரின் அறிக்கையில் எண்ணாக நிற்பது அவருடைய நூலில் முகமாக நிற்கிறது.

சேர் ஜோர்ஜ் காம்பெல் தலைமையில் ஓர் ஆணைக்குழு ஏற்பட்டது. 1867இல் அது சமர்ப்பித்த அறிக்கை, அதிகாரிகள் அறிகுறிகளைப் புறக்கணித்ததையும், அரிசி தருவிக்கக் கூடிய காலத்தில் தருவிக்காமையையும் ஒளிவின்றிக் கண்டித்தது. லண்டனில் இந்தியாவுக்கான மந்திரியாக அப்போது இருந்தவர் கிறான்போண் பிரபு; பிற்காலத்தில் சோல்ஸ்பரி பிரபுவாகிப் பிரதம மந்திரிப் பதவியும் வகித்தவர். பஞ்சச் செய்தி எட்டிய பின்னரும் தாம் இரண்டு மாதம் வாளாவிருந்ததை அவர் வாழ்நாளெல்லாம் நினைந்து வருந்தினார் என்பர். வருந்தாதவரும் உளர். றேவன்ஷோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் பிற்காலத்தில் ஒரிசாவின் கல்விக்காகப் பெரிதும் உழைத்தார். கட்டாக்கில் உள்ள பல்கலைக்கழகம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பத்து லட்சம் பேர் மாண்ட காலத்து ஆணையாளரின் பெயரைத் தம் உயர்ந்த கலைக்கூடத்துக்கு வைத்திருக்கும் மக்களின் உள்ளத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றியோ, மறதியோ, இரண்டுங் கலந்த ஒன்றோ!

இதன் பின் நிகழ்ந்தவை விசித்திரமானவை. 1873-74இல் பீகாரில் மழை பொய்த்தது. ஒரிசாவின் நினைவு ஆறாதிருந்தமையால், இராசப் பிரதிநிதி நோத்புறூக் பிரபுவும் சேர் றிச்சாட் டெம்பிளும் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக அரிசி இறக்கினர். பட்டினியால் இறந்தோர் அரிதினும் அரிது. அதற்காக டெம்பிளுக்குக் கிடைத்தது பாராட்டன்று. அரசாங்கப் பணத்தை வாரி இறைத்தார் என்ற வசையே. வசை கேட்ட மனிதர் திருந்திவிட்டார்! மூன்றாண்டு கழித்துத் தென்னாட்டைத் தாது வருஷத்துப் பஞ்சம் வாட்டியபோது, செலவைச் சுருக்கும்பொருட்டு அதே டெம்பிள் சென்னைக்கு அனுப்பப்பட்டார். நாள் முழுதும் கல்லுடைக்கும் ஆண்மகனுக்கு ஓர் இறாத்தல் தானியத்துக்குப் போதுமான காசும் மேலே சிறிது சில்லறையும் கூலியென அவர் விதித்தார். சென்னைச் சுகாதார ஆணையாளராக இருந்த டாக்டர் கோணிஷ், இவ்வுணவு உழைக்கும் உடலைக் காக்காது என்று வாதாடினார். சில மாதங்களின் பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர் போயினர். அந்நாட்களில் உயிர்தப்பிக் கடல் கடந்து நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அடைந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இவ்வுரையைச் செவிமடுத்துக்கொண்டிருக்கவுங் கூடும்.

ஒரே அதிகாரி ஒருமுறை மிகுதியாகக் கொடுத்து ஏச்சு வாங்குகிறார். மறுமுறை குறைவாகக் கொடுத்து மக்களைச் சாகவிடுகிறார். இடர்க்காலத்து உதவி ஓர் ஆளின் இரக்கத்தையோ அச்சத்தையோ பொறுத்திருத்தல் ஆகாது என்பது அப்போதுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. 1880இல் சேர் றிச்சாட் ஸ்றேச்சி தலைமை தாங்கிய பஞ்ச ஆணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் வழியே 1883இல் பஞ்சக் கோவை என்னும் விதித்தொகுப்பு வகுக்கப்பட்டு, மாகாணந்தோறும் அந்தந்த நிலத்துக்கேற்பத் திருத்தி எழுதப்பட்டது.

இக்கோவையை நான் வியந்து நோக்குவதுண்டு. ஆண்டவர்கள் அந்நியர், அவர்களுடைய முதற்கவலை சிக்கனம். இருந்தும், பசி வருமுன் அதன் காலடியோசையைக் கேட்கும் வித்தையை அவர்கள் எழுத்தில் வடித்துவிட்டனர். தானிய விலை ஏறுகிறதா, கடன் கொடுப்போர் கையை இறுக்குகின்றனரா, சிறு களவு பெருகுகிறதா, வழக்கத்துக்கு மாறாக மக்கள் கூட்டங்கூட்டமாக ஊர் பெயர்கின்றனரா என்று கிராமத்து உத்தியோகத்தர் கவனித்து எழுத வேண்டும். ஐயம் தோன்றினால் ஓரிடத்தில் 'சோதனை வேலை' ஒன்றைத் தொடங்க வேண்டும். கடினமான வேலை, குறைந்த கூலி. யாரும் வராவிட்டால் ஊரில் சோறு உண்டு என்று பொருள். ஆயிரம் பேர் வந்து நின்றால் இனி விசாரணை வேண்டியதில்லை. குளம் வெட்டுதல், தெரு போடுதல் முதலிய வேலைகளின் திட்டமும் மதிப்பும் நல்ல காலத்திலேயே தயாராகக் கோப்பில் இருக்க வேண்டும். உழைக்க இயலாத முதியோர், பிணியாளர், குழந்தைகள் ஆகியோருக்கு இலவச உணவு. வரி ஒத்திவைப்பு. விதைக்கும் மாட்டுக்கும் கடன். என்ன அறிகுறி கண்டால் யார் என்ன செய்வது என்பது முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டது. இதுவே அதன் உயிர்நிலை.

கோவை இருந்தாற் போதுமா? 1943இல் வங்காளத்தில் சாவு தெருவிலே கிடந்தது. பஞ்சக் கோவை அலுவலகத்து அலுமாரியிலே கிடந்தது. யுத்தக் காலம், கோவையின்படி பஞ்சம் என்று அறிவித்தால் விதித்தபடி உணவு கொடுக்க வேண்டும், கொடுக்கக் கையில் அரிசி இல்லை. ஆகவே பஞ்சம் என்ற சொல்லையே அரசாங்கம் கடைசிவரை உச்சரிக்கவில்லை. மாண்டோர் தொகை 15 லட்சம் என்று அரசாங்க விசாரணை கூறியது. பிற்கால ஆய்வாளர் 30 லட்சம் வரை கூறுவர்.

சுதந்திரத்தின் பின்னர், 1936இலேயே தனி மாகாணமாகப் பிரிந்திருந்த ஒரிசா, இந்திய ஒன்றியத்தின் ஒரு மாநிலமாயிற்று. இந்திய ஆட்சிமுறையில் இடர் நிவாரணம் முதற்கண் மாநில அரசாங்கத்தின் பொறுப்பு. மத்திய அரசாங்கம் பணமும் படையும் கொடுத்துத் துணைநிற்கும். 1960களின் நடுப்பகுதியில் வறட்சி வாட்டிய காலத்தில், விசேட நிவாரண ஆணையாளர் என்றொரு பதவியை ஒரிசா ஏற்படுத்திக்கொண்டது. 1980இல் பழைய பஞ்சக் கோவையின் வழிவந்த ஒரிசா நிவாரணக் கோவை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அதன் மரபணு பஞ்சத்தினுடையது. பஞ்சம் நடந்து வருவது. மாதக் கணக்கில் அடையாளங் காட்டி வருவது. சூறாவளியோ ஓடி வருவது. இரண்டு மூன்று நாளே அவகாசம். வந்த பின் அரிசி கொடுப்பதில் தேர்ந்த ஓர் அரசாங்கம், வருமுன் மனிதரை இடம்பெயர்ப்பதிலும் தேர்ந்திருக்கும் என்று சொல்லமுடியாது. அதற்கான விலையை ஒரிசா 1999இல் கொடுத்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் மாத நடுப்பகுதியில் ஒரு சூறாவளி கஞ்சாம் மாவட்டத்துக் கரையைத் தாக்கிற்று. உத்தியோகத்தர் பலர் அங்கே சென்றிருந்தனர். அக்களைப்பு ஆறுமுன், 29ஆந் திகதி, பாரதீப் துறைமுகத்துக்கு அருகே அடுத்தது கரையேறியது. காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீற்றர். கடல் ஆறு மீற்றர் வரை, அஃதாவது ஏறத்தாழ இருபது அடி, உயர்ந்து தரைக்குள் புகுந்தது. தட்டையான கழிமுகச் சமவெளியிலே பல கிலோமீற்றர் உள்ளே ஓடிற்று. கரை கடந்த சூறாவளி வழக்கம்போல் விரைந்து அகலவில்லை. ஒரு நாளுக்கு மேலாக அங்கேயே சுழன்று நின்று மழையைக் கொட்டியது. ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எரசமா என்னும் பகுதியில் குடும்பங்கள் வேரோடு அழிந்தன. அரசாங்கக் கணக்கின்படி இறந்தோர் ஏறத்தாழ 10,000. அவர்களுட் பெரும்பாலோர் அந்த ஒரு மாவட்டத்தினர். மாண்ட கால்நடை 4 லட்சத்துக்கு மேல்.

எச்சரிக்கை இல்லையா? இருந்தது. வானிலை நிலையத்தார் சூறாவளியைத் தொடர்ந்து அவதானித்தனர். வானொலியும் தொலைக்காட்சியும் அறிவித்தன. நம்மைப் போன்றோர் ஒலிவாங்கியின் முன் இருந்து அறிவிப்பதோடு கடமை முடிந்துவிடுகிறது என்று நினைப்பது எத்துணைப் பிழை என்பதை எரசமா காட்டிற்று. அக்கிராமங்களில் பெரும்பாலானவை மண்சுவரும் வைக்கோற் கூரையுமான வீடுகள். போ என்றால் எங்கே போவது? செஞ்சிலுவைச் சங்கத்தார் அதற்கு முன் கட்டியிருந்த காப்பகங்கள் அக்கரை நெடுகிலும் இருபதைச் சற்றே தாண்டியவைதாம். அவற்றை அடைந்தோர் ஆயிரக்கணக்கில் பிழைத்தனர். மற்றையோர்க்கு மாட்டை விட்டுப் போக மனமில்லை. முன்பும் இவ்வாறு சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே என்ற எண்ணம் வேறு. 'மகா சூறாவளி' என்ற சொல் அவர்கள் கேட்டறியாதது. கேட்டறியாத சொல்லைக் கேட்டு ஒருவன் வீட்டை விட்டுப் போவானா?

கேந்திரபாரா மாவட்டத்தில் மட்டும் ஒரு வேறுபாடு காணப்பட்டது. கிராமத்துக்கும் கடலுக்கும் இடையே கண்டற்காடு அகன்று நின்ற இடங்களில் சாவு குறைவாக இருந்தது என்பதைப் பின்னாளில் ஆய்வாளர் எண்ணிக்கையோடு நிறுவினர். அரசாங்கம் திட்டமிட்டு வளர்த்த அரணன்று அது. வெட்டாமல் விட்ட காடு.

தலைநகராகிய புவனேஸ்வரமே துண்டிக்கப்பட்டது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மரங்கள் சரிந்து தெருக்கள் அடைபட்டன. கிராமத்தில் என்ன நடந்ததென்று மாநில அரசாங்கத்துக்கே தெரியாத நாட்கள் அவை. சிற்றலை வானொலிப் பொறிகளைச் சுமந்துகொண்டு வந்த பொழுதுபோக்கு ஒலிபரப்பாளர்களே சில இடங்களுக்கு முதல் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தனர். அரசாங்கத்தின் மேல் எழுந்த வெறுப்புக்கு ஆளாகி, அவ்வாண்டு முடிவதற்குள் முதலமைச்சர் கிரிதர் கமாங் பதவி இழந்தார்.

வெறுப்பு எல்லா இடத்திலும் எழுவதுதான். அது அடங்கியதும் பழைய நிலை மீளுவதும் வழக்கந்தான். ஒரிசாவில் அவ்வாறு நிகழாமையே இக்கதையின் திருப்பம். 1999 டிசெம்பர் முடியுமுன், இடர் தணிப்புக்கென ஒரு மாநில அதிகார சபை நிறுவப்பட்டது. இந்தியாவில் இத்தகையது அதுவே முதல். மத்திய அரசாங்கம் இதற்கெனச் சட்டம் இயற்றியது, 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப் பின்னர், 2005இல்தான். 2001இல் மரம் அறுக்கவும், படகு செலுத்தவும், இடிபாட்டில் சிக்கியோரை மீட்கவும் பயின்ற விரைவு நடவடிக்கைப் படை ஒன்று அமைந்தது. கரையோரம் நெடுகக் காப்பகங்கள் எழுந்தன. இன்று அவற்றின் தொகை 800க்கு மேல். எங்கே கட்டுவது என்பதை ஆராய்வதில் கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தார் உதவினர்.

அக்காப்பகம் எப்படியிருக்கும் என்று நேயர்கள் கேட்கலாம். வெள்ளம் புகுந்து தடையின்றி வெளியேறுமாறு கீழ்த்தளம் வெறுந் தூண்களாக விடப்பட்டிருக்கும். மேலே கனத்த சுவருடைய மண்டபம். வண்டியில் வருவோரும் முதியோரும் ஏறச் சாய்தளம். வருடத்தில் இரண்டொரு நாளுக்காக ஒரு கட்டடத்தைப் பூட்டி வைத்தால், வேண்டிய நாளில் திறப்பைத் தேட நேரும்; உள்ளே வௌவால் குடியிருக்கும். ஆகவே பல இடங்களில் அதையே பள்ளிக்கூடமாகவோ ஊர்ப் பொதுமண்டபமாகவோ பயன்படுத்தினர். கிராமத்தாரிலேயே ஒரு குழு அதைப் பராமரிக்கும். யார் கர்ப்பிணிகளை அழைத்துவருவது, யார் தனித்திருக்கும் கிழவியைத் தூக்கி வருவது, யார் சோறாக்குவது என்பன பெயர் குறித்து வகுக்கப்பட்டிருக்கும். ஒக்டோபர் 29ஆந் திகதியை அங்கே இடர் ஆயத்த நாளாக அனுட்டிக்கின்றனர், ஒத்திகையும் நடத்துகின்றனர். அன்று தன் சிறுவயதில் கடல் வந்ததைக் கண்டவர் இன்று குழுத் தலைவராக இருப்பார். அவருக்கு ஒத்திகை விளையாட்டன்று.

2013 ஒக்டோபரில் சோதனை வந்தது. பைலின் என்னும் பெருஞ் சூறாவளி மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்துடன் கோபால்பூரை நோக்கி வந்தது. துர்க்கா பூசைக் காலம். உத்தியோகத்தரின் விடுமுறை இரத்துச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் காப்பகங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பெயர்க்கப்பட்டனர். வீடு வீடாகச் சென்று சொன்னார்கள், கெஞ்சினார்கள், பிடிவாதம் பிடித்த இடங்களில் காவற்படையினர் வலிந்து அழைத்துச் சென்றதும் உண்டு. 12ஆந் திகதி இரவு சூறாவளி கரையேறிற்று. அதனாலும் அதையடுத்த வெள்ளத்தாலும் இறந்தோர் 44 பேர்.

பத்தாயிரத்துக்கு எதிரே நாற்பத்து நான்கு. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து முழுப்புகழையும் அரசாங்கத்துக்கே கொடுத்துவிடுவது அத்துணைப் பொருத்தமன்று. பைலின் தாக்கிய கஞ்சாம் கரை, எரசமாவைப் போலத் தாழ்ந்த கழிமுகமன்று. கடல் ஏறியதும் முன்போல் அத்துணை உயரமில்லை. அங்கேயே சுழன்று நிற்கவுமில்லை. வானிலைக் கணிப்பும் பதினான்கு ஆண்டுகளில் நுட்பமடைந்திருந்தது. இவற்றையெல்லாம் கழித்தாலும், மண்வீட்டில் இருந்திருக்கக்கூடிய பத்து லட்சம் பேர் அவ்விரவு அங்கே இருக்கவில்லை என்ற உண்மை எஞ்சி நிற்கும். 1866இல் அறிந்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர் நம்பவில்லை. 1999இல் அறிவும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. இரண்டையும் ஒரு குடிசையின் படலை வரை கொண்டுசெல்ல ஆளில்லை, கொண்டுபோய்ச் சேர்க்க இடமுமில்லை. 2013இல் அந்தக் கடைசிக் கால்மைல் தூரம் நடக்கப்பட்டது.

2019 மே 3ஆந் திகதி பானி என்ற சூறாவளி பூரியைத் தாக்கியபோது 12 லட்சம் பேர் பெயர்க்கப்பட்டனர். 2024 ஒக்டோபரில் டானா வந்தபோது ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். 2000ஆம் ஆண்டு தொடங்கி 24 ஆண்டு முதலமைச்சராக இருந்த நவீன் பட்நாயக் அதற்குச் சில மாதம் முன்னர்த் தேர்தலில் தோற்று வேறு கட்சி ஆட்சியேறியிருந்தது. ஆள் மாறியும் ஏற்பாடு மாறவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 2018இல் தித்லி சூறாவளி வந்தபோது எல்லோருடைய கண்ணும் கடல்மேல் இருந்தது. சாவு மலைமேல் வந்தது. உள்நாட்டு மாவட்டமாகிய கஜபதியிலே பெருமழையால் மண் சரிந்து, ஒதுங்கி நின்றவர்களையே மூடிற்று. கடலோரத்துக் காப்பகம் மலைக்குடிகளுக்கு என் செய்யும்? வெயிலும் அவ்வாறே. 1998இல் ஒரு கோடை வெப்பத்தில் ஒரிசாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதுவரை வெயிலை இடர் என்று எண்ணி ஆயத்தஞ் செய்தவர் இல்லை. இடி விழுந்து வயலில் இறப்போர் இன்றும் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் உளர். ஒருவர் ஒருவராக இறப்பதால் அது செய்தியாவதில்லை.

உயிர் தப்பியவர் திரும்பிப் போகும் வீட்டின் கதை மற்றொன்று. பானிக்குப் பின்னர்ப் பூரிப் பக்கத்தில் மின்சாரம் வாரக் கணக்கில் வரவில்லை. தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் சாய்ந்தன. தென்னை மீண்டும் காய்க்க எத்தனை ஆண்டு செல்லும் என்பதை மட்டக்களப்பு நேயர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நிவாரணக் கோவையில் கூரைக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. அது கைக்கு வரும் காலமும் வரும் அளவும் முறைப்பாட்டுக்கு இடமாகவே இருந்துவருகின்றன. குத்தகைக்கு நிலம் செய்பவன் பெயர் பல வேளைகளில் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

கேந்திரபாரா மாவட்டக் கரையில் சதபாயா என்றோர் ஊர்த்தொகுதி இருந்தது. ஏழு கிராமங்கள் அதில் அடங்கியிருந்தன என்பர். ஆண்டுக்கு ஆண்டு கடல் உள்ளே வந்து அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கிற்று. இதற்குச் சங்கு ஊதி எச்சரிக்க ஒரு நாள் இல்லை. கரையேறும் மணி இல்லை. காப்பகத்தில் இரண்டிரவு தங்கித் திரும்பிப்போக ஊரும் இல்லை. மாநில அரசாங்கம் சில கிலோமீற்றர் உள்ளே பகபாட்டியா என்னும் இடத்தில் நிலம் ஒதுக்கி, எஞ்சிய 500க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றியது. 2018இல் அவ்வூரின் பஞ்சுபாராகி அம்மன் சிலைகள் ஐந்தும் அக்குடிகளின் பின்னே இடம்பெயர்ந்தன. அக்கோயிலில் பூசை செய்வோர் பெண்கள். ஆண்கள் அச்சிலைகளைத் தொடுவது வழக்கமில்லை. கற்சிலைகளின் கனம் பெரிது. ஆகவே அன்று ஒரு நாள் ஆண்களும் தோள்கொடுத்துத் தூக்கிச் சென்றார்கள். புதிய இடத்தில் வீடு உண்டு, தெரு உண்டு. உழுவதற்கு வயல் இல்லை என்று குடியேறியவர்கள் சொல்லிவருகின்றனர். இளைஞர் பலர் தொலைவிலுள்ள மாநிலங்களுக்குக் கூலிக்குப் போகின்றனர்.